திருட்டுப் பூனைக்கு மட்டும் நோயில்லை

அத்தியாயம் 7

"இன்னும் எத்தனை நாள் டாக்டர்?"

கேட்டது பூனைக்குச் சொந்தக்காரி. பூனை எதையும் கேட்கவில்லை. பிரம்புக் கூடைக்குள் பழைய துண்டின் மேல் சுருண்டு படுத்து, வீங்கிய தாடையைக் கூடை விளிம்பில் சாய்த்து வைத்திருந்தது.

பூனை டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்தார். "பத்து, பன்னிரண்டு நாள். நாக்குக்கு அடியில ஆரம்பிச்ச கட்டி, தாடை எலும்பைத் தின்னுடுச்சு. கத்தி வைக்க இடமில்லம்மா. வலி தெரியாம இருக்க மருந்து தர்றேன். என் கையில அவ்வளவுதான் இருக்கு."

அவள் அழவில்லை. துண்டின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பீங்கானில் படம் வரைந்து சுட்டு விற்பவள் அவள். நகக்கண் ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் காய்ந்து கிடந்தது. தெருவில் எல்லாருக்கும் அவள் பீங்கான்காரம்மா.

சுவரோரம் நின்றிருந்த சோடாபுட்டி எதையாவது சொல்லிச் சூழ்நிலையை லேசாக்கலாமா என்று யோசித்தான். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். அவன் யோசிப்பதை நிறுத்திக்கொண்டான்.

நாற்பத்தாறு வயதுக்காரனை அவன், இவன் என்று எழுதலாமா என்றால், அவனுக்கே அதில் ஆட்சேபம் கிடையாது. போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை முகத்துப் பருவையும் பெண் முகத்துக் கோபத்தையும் அழித்துக் கொடுத்துப் பிழைத்தவன். எல்லாரும் கையிலேயே காமிராவை வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்த பிறகு ஸ்டூடியோ மூடியது. அண்ணன் மனைவியிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம், தானாக எரிந்த கடை எது, எரிக்கப்பட்ட கடை எது என்று சாம்பலைக் கிளறிச் சொன்னவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். இவன் கண்ணாடியின் கனத்தைப் பார்த்தால் துப்பறிய லாயக்கானவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுதான் வசதி என்பாள் அண்ணி.

"கண்ணாடி மாமா, குனிங்க."

பீங்கான்காரம்மாவின் மகள். ஆறு வயது. கூப்பிடும் பெயர் வாண்டு. கையில் ஒரு பென்சில். டாக்டர் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குடுவையைத் தட்டி, "இது வெந்திருக்கு" என்றாள். பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டி, "இது வேகல" என்றாள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்துச் சொல்வது வீட்டில் அவளுடைய உத்தியோகம்.

சோடாபுட்டி குனிந்தான். அவள் அவன் மண்டையைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டாள்.

"வேகவே இல்ல மாமா."

"எங்க அம்மாவும் இதைத்தான் சொன்னாங்க. திருப்பி அடுப்புல வைக்க வழி தெரியல."

வாண்டு சிரித்தாள். சிரிப்பின் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு நாளா இப்படித்தான்" என்றாள் அம்மாக்காரி. "பூனைக்கு முடியாம போனதுலேருந்து இவளும் சரியாச் சாப்பிடறதில்ல. வயிறு வலி, வயிறு வலிங்கறா. மனசுதான். வேறென்ன?"

அண்ணி டாக்டர் பக்கம் திரும்பினாள். "நான் கொடுத்த முடி என்ன சொல்லுது?"

பீங்கான்காரம்மாவின் தெருவில் இரண்டு வருஷத்தில் ஐந்து வீட்டுப் பூனைகளுக்குப் புற்றுநோய். மூன்று மண்ணுக்குள் போயாகிவிட்டது. நான்காவது, அவளுடைய எதிர்வீட்டில் ஊசியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது இந்தக் கூடையில். செத்த பூனை ஒன்றின் சீப்பிலிருந்தும், உயிரோடு இருக்கும் இரண்டின் முதுகிலிருந்தும் முடி எடுத்து டாக்டர் மூலமாகப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள் அண்ணி.

டாக்டர் காகிதத்தை நீட்டினார். "ஈயம். காட்மியம். மூணுலயும் இருக்கு, மூணுலயும் அளவுக்கு மேல. புற்றுநோய் எதனால வந்துச்சுன்னு ஒரு பூனையைக் காட்டி நான் சத்தியம் பண்ண முடியாது. நூறு காரணம் இருக்கலாம். ஆனா ஒரே தெரு, அஞ்சு பூனை, ஒரே விஷம். இதைத் தற்செயல்னு சொன்னா நான் வாங்கின பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துடணும்."

"உள்ள போனதை வெளிய எடுக்க முடியாதா?"

"ரத்தத்துல இருக்கிற வரைக்கும் முயற்சி பண்ணலாம். ஈயம் எலும்புக்குள்ள போய் உட்காந்துடும். காட்மியம் சிறுநீரகத்துல. அப்புறம் கூப்பிட்டா வராது."

"அவன்தான்" என்றாள் பீங்கான்காரம்மா, யாரையும் பார்க்காமல். "பின்வீட்டுக்காரன். ரோஜாப் பாத்தியைப் பூனைங்க நோண்டிடுச்சுன்னு, ஒண்ணுவிடாம ஒழிச்சுக் கட்டறேன்னு தெருவே கேக்கக் கத்தினான். அக்கா, என் பூனை போகட்டும். அவன்தான்னு அது கண்ணை மூடறதுக்குள்ள நான் நிச்சயமாத் தெரிஞ்சுக்கணும். நாளைக்கு அவன் விஷம் என் பொண்ணு விளையாடற மண்ணுல இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"இன்னிக்குள்ள சொல்றேன்" என்றாள் அண்ணி.

அண்ணி அப்படியெல்லாம் சுலபத்தில் வாக்குக் கொடுப்பவள் கிடையாது. சோடாபுட்டிக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

*

பின்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றவர் என்பதால், தன் வீட்டு வாசலில் யார் நின்றாலும் அவருக்குப் பிடிக்காது.

"என்ன வேணும்?"

"ரோஜா பார்க்க வந்தோம்" என்றான் சோடாபுட்டி.

"பார்த்தாச்சில்ல, கிளம்புங்க."

"பூச்சி மருந்து என்ன அடிக்கிறீங்கய்யா?" என்றாள் அண்ணி.

கிழவர் முகம் கடுகடுத்தது. "ஓ, அந்தக் கேஸா? நான் கத்தினேன், வாஸ்தவம். கோபம் வந்தா கத்துவேன். ஷெட்டைத் திறந்து விடறேன், வேணுங்கறதை மோந்து பாத்துக்குங்க."

ஷெட்டில் மண்வெட்டி, கத்தரி, சாணி உரம், சோப்புத் தண்ணீர் கரைத்த தெளிப்பான். மேல்தட்டில் ஒரு எலி மருந்து டப்பா. சோடாபுட்டி உற்சாகமாக எட்டி எடுத்தான். எடுத்த வேகத்தில் உற்சாகம் வடிந்தது. மூடியின் சீல் அப்படியே இருந்தது. டப்பாவைத் தூக்கிய இடத்தில் தூசிக்கு நடுவே ஒரு சுத்தமான வட்டம்.

"அண்ணி, இவர் கொலைகாரர்னா ரொம்பச் சோம்பேறிக் கொலைகாரர். ஆயுதத்தையே பிரிக்கல."

அந்த நேரம் பார்த்து மதில்மேலிருந்து ஒன்று குதித்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல், தொப்பை மட்டும் வஞ்சனையில்லாமல் வளர்ந்திருந்தது. வாயில் யார் வீட்டிலிருந்தோ தூக்கிய முழு மீன். கிழவர் விரித்து வைத்திருந்த பழைய செய்தித்தாள்மேல் மீனைப் போட்டு, அவசரமே இல்லாமல் தின்ன ஆரம்பித்தது.

கிழவருக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். "பேப்பர் சும்மாதான் விரிச்சேன். தரை அழுக்காகுதுன்னு."

"பக்கத்துல தண்ணி வச்சிருக்கீங்களே?"

"அது... செடிக்கு."

"செடி கிண்ணத்துலயா குடிக்குது?" என்றான் சோடாபுட்டி.

கிழவர் அசடு வழிந்தார். தெருமுழுக்கக் கத்தியவர், கத்திய மறுவாரமே அந்தத் திருட்டுப் பூனைக்கு அடிமையாகிப்போன கதையைச் சொன்னார். ஒன்பது வருஷமாகத் தெருவில் திரிகிறதாம். பெயர் கிடையாது. எல்லா வீட்டுச் சமையலறையும் அதற்கு அத்துப்படி.

அண்ணி மண்டியிட்டு உட்கார்ந்து அதன் வாயைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். பூனை ஒரு உறுமலோடு மீனை இன்னும் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டது.

"தம்பி, இதைப் பாரு. சாக்கடைத் தண்ணி குடிக்குது. இந்த மண்ணுலதான் புரளுது. எலியைப் பிடிச்சுத் தின்னுது. மண்ணுலயோ தண்ணியிலயோ காத்துலயோ விஷம் இருந்தா, முதல்ல போகவேண்டியது யாரு?"

"இவன்தான். ஆனா இவன் என்னைவிட ஆரோக்கியமா இருக்கான்."

"வீட்டுப் பூனைங்க சாப்பிடற அதே மீனைத்தான் இவனும் திருடித் தின்னறான். அப்ப மீனுலயும் இல்ல. அதுங்ககிட்ட இருந்து, இவன்கிட்ட இல்லாதது என்ன?"

"விலாசம், பேரு, மெத்தை, மரியாதை" என்று விரல் மடக்கினான் சோடாபுட்டி. "அப்புறம், சொந்தமா ஒரு தட்டு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவன், அண்ணி முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"ஐயா, இது எந்த வீட்டுலயாவது தட்டுல நின்னு சாப்பிட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

"திருடன் எங்கம்மா நிப்பான்?" என்றார் தபால்காரர். "கவ்வுவான், ஓடி வருவான். தின்னறதெல்லாம் என் பேப்பர்லதான்."

*

மூன்றாவது வீட்டில் ஒரு தையல்காரி தனியாக இருந்தாள். போன வருஷம் அவளுடைய பூனை செத்தது. மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் அதன் போட்டோ, கழுத்து மணி, சாப்பிட்ட கிண்ணம் மூன்றையும் வைத்திருந்தாள். அண்ணி கேட்டதும் கிண்ணத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

வெள்ளைப் பீங்கான். உள்ளே அடியில், அந்தப் பூனையின் முகமே அச்சாக வரையப்பட்டிருந்தது. சாப்பாடு தீரத்தீர முகம் தெரியும்.

"இதை வச்ச நாள்லேருந்து பருக்கை மிச்சம் வைக்காதுங்க" என்றாள் தையல்காரி. "தீர்ந்த பிறகும் நக்கிக்கிட்டே இருக்கும். தன் மூஞ்சி தனக்கே பிடிச்சுப்போச்சு போலன்னு சிரிப்போம்."

சோடாபுட்டி கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். போட்டோவையும் எடுத்துக்கொண்டான். கிண்ணம் வந்த அன்று, பூனையையும் கிண்ணத்தையும் சேர்த்து எடுத்த படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். இருபது வருஷம் கறுப்பையும் சிவப்பையும் தொட்டுத் தொட்டுப் படத்துக்குள் திருத்திய கண் அது.

"அண்ணி, கலர் போயிருக்கு."

"எல்லாமா?"

"அதான் வேடிக்கை. கண்ணு பச்சை, அப்படியே இருக்கு. மீசை கறுப்பு, அப்படியே இருக்கு. போட்டோவுல கிண்ணத்துப் படத்தோட கழுத்துல சிவப்புப் பட்டை இருக்கு பாருங்க, ரத்தச் சிவப்பு. இப்ப பட்டையே இல்ல. விரலை வச்சா சொரசொரன்னு ஒரு தடம் மட்டும்."

அண்ணி விரலால் தடவினாள். "வெயில்ல வெளுத்திருக்குமா?"

"வெயிலா இருந்தா எல்லாம் சேர்ந்து வெளுக்கும். இது தேய்ஞ்சது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி."

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. பூனை நாக்கும் உப்புத்தாளும் ஒரே ஜாதி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வருஷக்கணக்கில். அந்தச் சிவப்பு எங்கே போனது என்று இனி யாரையும் கேட்கவேண்டியதில்லை.

"இந்தக் கிண்ணம் எங்க வாங்கினீங்கம்மா?" அண்ணியின் குரல் இறங்கியிருந்தது.

"வாங்கலீங்க. இந்தத் தெருவுல யார் பூனை வளர்த்தாலும் அவங்களே வந்து பூனையைப் பார்த்து வரைஞ்சு, சுட்டு, சும்மா கொடுப்பாங்க. அஞ்சு வீட்டுலயும் இருக்கே. தங்கமான மனசு. பீங்கான்காரம்மாதான்."

சோடாபுட்டி கிண்ணத்தையும் போட்டோவையும் அலமாரியில் திருப்பி வைத்தான். தேடச் சொன்னவளே தேடப்பட்டவள். குற்றவாளி கிடைத்தால் ஒரு குஷி வரும், இத்தனை கேஸில் தவறாமல் வந்திருக்கிறது. இன்றைக்கு வரவில்லை.

வெளியே வந்ததும், "அண்ணி, சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டான். "பூனை எப்படியும் போகப்போகுது. தபால்காரர் நிரபராதி, மத்தது தெரியலன்னு சொல்லிட்டு வந்துடலாமே."

"எதிர்வீட்டுப் பூனை இன்னும் அதே கிண்ணத்துல சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி நடந்தாள்.

*

கார் நிறுத்தும் ஷெட்டைத்தான் பட்டறையாக மாற்றியிருந்தாள் பீங்கான்காரம்மா. ஒரு மூலையில் இடுப்புயர மின்சூளை. அலமாரியில் சுடாத தட்டுகள், சுட்ட தட்டுகள், ஜாம் பாட்டில்களில் நிறப்பொடி. பூனைக் கூடை சூளைக்குப் பக்கத்தில், சூடு படும் இடத்தில் இருந்தது. பட்டறைக்குள் திறக்கும் சமையலறைக் கதவின் பின்னால் ஸ்பூன் சத்தம் கேட்டது.

"பிடிச்சுட்டீங்களா அக்கா? அவன்தானே?"

"அவரில்ல" என்றாள் அண்ணி. "உட்காரும்மா. இந்தச் சிவப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லு."

தொழிலைப் பற்றிக் கேட்டதும், அந்தச் சோகத்திலும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இதுவா? இது இப்ப கிடைக்காது. பழைய கம்பெனியை மூடினப்ப மொத்தமா வாங்கினது. மத்த நிறத்தையெல்லாம் பூச்சுக்குள்ள போட்டு ஆயிரத்து இருநூறு டிகிரியில சுடுவேன். சிவப்பு அந்தச் சூடு தாங்காது, கறுத்துப் போயிடும். அதனால எல்லாம் வெந்த பிறகு, கடைசியா மேலாக்க வச்சு, எழுநூறுல ஒரு சூடு காட்டி எடுத்துடுவேன். இந்தப் பளிச்சு வேற எதுலயும் வராது."

"டப்பாவுல ஈயம், காட்மியம்னு ஏதாவது எழுதியிருந்ததா?"

"டப்பா துருப்பிடிச்சுப் போயிருந்தது. ஜாம் பாட்டில்ல மாத்தினேன்." அவள் கண் அண்ணியிடமிருந்து சோடாபுட்டிக்குப் போய்த் திரும்பியது. "ஏன் கேக்கறீங்க? வேகாத சாமானை நான் யாருக்கும் கொடுத்ததில்ல. ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்ப்பேன்."

அலமாரியிலிருந்து தன் பூனையின் கிண்ணத்தை எடுத்து விரல் கணுவால் தட்டினாள். கணீர் என்றது. அந்த நாதம் ஷெட் முழுக்க நின்று மெதுவாக அடங்கியது. "பாருங்க. இதுக்கு மேல எப்படி வேகும்?"

"தட்டும்போது பேசுறது எது?" என்றாள் அண்ணி. "பீங்கானா, சிவப்பா?"

பீங்கான்காரம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். கிண்ணத்தைத் திருப்பி உள்ளே பார்த்தாள். தன் கையால் வரைந்த முகத்தை, கழுத்துப் பட்டை இருந்த இடத்தை. பீங்கான் முதல் சூட்டிலேயே வெந்துவிட்டது. அதுதான் கணீர் என்கிறது. மேலே ஒட்டிய சிவப்புக்குக் குரலே கிடையாது. பதினைந்து வருஷம் தொழில் செய்தவளுக்கு அதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

சோடாபுட்டி அவள் கூடையைப் பார்ப்பாள் என்று நினைத்தான். கூடைப் பக்கம் திரும்பிக் கதறுவாள், தாங்கிப் பிடிக்கவேண்டும் என்று ஒரு அடி முன்னால்கூட வந்தான்.

அவள் கூடையைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள், காற்றுப் போன குரலில். "அவ சரியாச் சாப்பிடலைன்னு... எல்லாத்தையும் அவ கிண்ணத்துலதான் போட்டுக் கொடுக்கறேன். ஆரஞ்சு, தக்காளி, எல்லாத்தையும். அதுல போட்டாத்தான் சாப்பிடுவா."

"எத்தனை நாளா?"

"நாலாவது பிறந்தநாளுக்குச் செஞ்சது."

அண்ணி எழுந்துவிட்டாள். சாம்பலுக்கு நடுவில் நின்றும் கலங்காதவள், கைப்பையைத் தேடினாள், பை தோளிலேயே தொங்கியது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். ரத்தம் பார்க்கணும். தம்பி, வண்டி கூப்பிடு."

சோடாபுட்டி வாசலை நோக்கித் திரும்புவதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. வாண்டு வாயெல்லாம் ஆரஞ்சுச் சாறோடு நின்றாள். இரண்டு கையாலும் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் பிடித்துக்கொண்டு நேராக அவனிடம் வந்தாள்.

"கண்ணாடி மாமா, பாருங்க. மிச்சமே வைக்கல. அடியில நான் இருக்கேன்!"

அவன் குனிந்து பார்த்தான். வெள்ளைப் பீங்கானின் அடியில் ஒரு சின்ன முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண், கறுப்பு முடி, இரட்டைப் பின்னல். எல்லாம் நேற்று வரைந்ததுபோல இருந்தன. பின்னல்களின் நுனியில் ரிப்பன் கட்டியிருக்கவேண்டிய இடத்தில் மட்டும் சொரசொரப்பான இரண்டு தடங்கள். டாக்டர் சொன்ன வார்த்தை அவனுக்கு ஞாபகம் வந்தது. கூப்பிட்டா வராது.

"நக்கியே துடைச்சிட்டேன்" என்றாள் வாண்டு பெருமையாக.

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் அவன். இப்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். குழந்தை அவனை ஏறிட்டுப் பார்த்துக் காத்திருந்தாள். பெரியவர்கள் மூன்று பேரும் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மாவைச் சமாதானப்படுத்த அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

கிண்ணத்தைக் காதருகே தூக்கி, ஸ்பூனால் தட்டினாள். கணீர் என்றது.

"வெந்திருக்கும்மா" என்றாள். "நல்லா வெந்திருக்கு."